அண்டார்டிகாவில் கரண்ட் போனால் யாருக்கு போன் போடுவது?

சென்ற இதழில், அண்டார்டிகாவில் நம் நாட்டுக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையங்கள் இருப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பெங்குவினைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன், ஆனால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்டைப் பற்றி. மாதாந்திர பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி சாயங்காலம் விடுகிற ஊர்க்காரர்களுக்கு வேறென்ன தோன்றும், சரிதான். அதனால் இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

புதுவயலில் அரிசி மில்லில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். மார்கழி மாதக் காலையில் எங்கள் செட்டே இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் எழும்புகிறது. மைனஸ் நாற்பது டிகிரியில் டீசல் உறைந்து போகாதா? அங்கேயும் ஜெனரேட்டர்தானா, இல்லை வேறு ஏதாவது புதுசா?
— வாசகர், புதுவயல்

ஜெனரேட்டரேதான். காற்றாலைப் படமும் சோலார் படமும் எவ்வளவு வந்தாலும், துருவத்து நிலையங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் டீசல் செட்டை நம்பித்தான் இருக்கின்றன.

உறைந்து போகாதா என்றால், நம் பெட்ரோல் பங்கில் பிடிக்கிற டீசல் நிச்சயம் உறைந்து போகும். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர முதலில் எண்ணெய் கலங்கும், அப்புறம் மெழுகு துகளாகப் பிரிந்து வந்து ஃபில்டரை அடைக்கும், அதற்கும் கீழே போனால் டேங்கில் இருப்பது கூழாகிவிடும், பம்ப் இழுக்காது. அதனால் அங்கே பல நிலையங்களில் டீசல் இன்ஜினுக்குள் ஊற்றுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருள். விமானத்துக்குப் போடுகிற ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையாது. நம் பாரதி நிலையத்தின் செட்டுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவைதான். தென்துருவப் புள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிற அமெரிக்காவின் அமுன்ட்சென்-ஸ்காட் நிலையத்துக்கு அதுவும் பத்தாது, அங்கே சராசரிக் குளிரே மைனஸ் ஐம்பதை ஒட்டி இருக்கிறது. அதற்கென்றே ஏஎன்-8 என்று ஒரு எரிபொருள், மைனஸ் 58 வரை தாக்குப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் ஒரு தொந்தரவு உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும்: டீசல் அளவுக்கு வழவழப்பு கிடையாது, பம்பும் நாசிலும் சீக்கிரம் தேயும். அதைக் கணக்கில் வைத்துத்தான் செட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

செல்ஃப் அடிக்கிற பிரச்சினை அங்கே அநேகமாக வராது, ஏனென்றால் குளிர்ந்து கிடக்கிற செட்டை எழுப்புகிற நிலைமைக்கே விடுவதில்லை. செட்டுகள் கதகதப்பான அறைக்குள் இருக்கும். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், காத்திருக்கிற செட்டின் கூலண்டையும் (இன்ஜினைக் குளிர்விக்க ஓடுகிற திரவம்) எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள், லோடு மாற்ற வேண்டியபோது அது உடனே எழும்பிவிடும். தென்துருவத்தில் 750 கிலோவாட் செட் மூன்று இருக்கின்றன. ஒன்று லோடை எடுக்கும், இன்னொன்று தயாராக நிற்கும், மூன்றாவதைப் பிரித்துப்போட்டு பராமரிப்பு பார்க்கலாம். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரம் வேறு. காற்று அடர்த்தி குறைவு, இன்ஜின் மூச்சு முட்டும், அதனால் தட்டில் எழுதியிருக்கிற முழு சக்தியையும் எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். ஒரு லிட்டர் டீசலின் சக்தியில் நூற்றுக்கு முப்பத்தைந்து நாற்பது பங்குதான் கரண்டாக வெளியே வருகிறது. மீதி முழுக்க ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும், நம் ஊரில் அதை வெளியே தள்ள ஒரு ஃபேன் வேறு போடுகிறோம். உங்கள் மில்லில் உமியைக்கூட வீணாக்காமல் பாய்லரில் போட்டு நெல் அவிப்பதைப் போல, அங்கே இந்தச் சூட்டை ஒரு பொட்டுகூட விடப் பார்ப்பதில்லை. கூலண்டின் சூடு நிலையம் முழுக்க ஓடுகிற வெந்நீர்க் குழாய்களுக்குப் போகிறது, அறைகள் கதகதப்பாக இருப்பது அதனால்தான். பாரதியில் இருக்கிற மூன்று செட்டுகளும் கரண்ட், சூடு இரண்டையும் சேர்த்துத் தருவதற்கென்றே அமைத்தவை. தென்துருவத்தில் இதே கழிவுச் சூட்டை வைத்துப் பனிக்குள் ஒரு கிணறே வெட்டியிருக்கிறார்கள்: வெந்நீரை உள்ளே அனுப்பி ஆழத்தில் ஐஸை உருக்கி, உருகிய தண்ணீரை மேலே இறைத்துக் குடிக்கிறார்கள். ஆக செட் நின்றால் விளக்கோடு போகாது, சூடும் போகும், குடிதண்ணீரும் போகும்.

அங்கே ஒரு யூனிட் என்ன விலை? ரீடிங் எடுக்க யார் வருவார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளத்தூர்

ரீடிங் எடுக்க யாரும் வர மாட்டார்கள் அம்மா, பில்லும் கிடையாது. ஆனால் செட் பார்ப்பவர் எண்ணெய் எவ்வளவு குறைந்தது, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று இரவு பகலாக லாக் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பார், ஈ.பி.காரரைவிடக் கறார்.

விலை என்பதை எண்ணெய் விலையாகப் பார்க்காதே, அது போய்ச் சேருகிற வழியைப் பார். நம் ஆட்களும் சரக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாகப் போகிறார்கள். கடலில் பனி விலகுகிற அண்டார்டிகாக் கோடைக்காலத்தில், டிசம்பரிலிருந்து மார்ச் வாக்கில்தான் கப்பல் கிட்டே போக முடியும். பாரதி கடலோரத்தில் இருப்பதால் பரவாயில்லை. மைத்ரி கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஐஸ் விளிம்பில் கப்பலை நிறுத்தி, டேங்குகளைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, பனியில் ஓடுகிற செயின் வண்டிகளால் வரிசையாக இழுத்துப் போக வேண்டும். நடுவில் புயல் வந்தால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அமெரிக்காக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே: கடலோர மெக்மர்டோ நிலையத்திலிருந்து தென்துருவத்துக்கு சுமார் 1,600 கிலோமீட்டர், பெரிய ரப்பர் பைகளில் எண்ணெயை நிரப்பி, வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கிடத்தி டிராக்டரால் இழுக்கிறார்கள். அதற்கு முன்னால் எல்லாமே விமானத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, எண்ணெய் கொண்டு போகிற விமானமே எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று நீயே யோசித்துக்கொள். இப்படிப் போய்ச் சேர்ந்ததைச் சிந்தவும் கூடாது. 1991 மாட்ரிட் உடன்படிக்கைப்படி அந்தக் கண்டத்தைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டியது எல்லா நாடுகளின் கடமை.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகளைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன், உலகத்திலேயே காற்று அதிகம் அடிக்கிற கண்டம் அண்டார்டிகா என்று படித்திருக்கிறேன். பத்து காற்றாலை நட்டால் டீசலே வேண்டாமே? எது தடுக்கிறது?
— வாசகர், தேவகோட்டை

ஐயா, நட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையத்தில் 2003-லேயே 300 கிலோவாட் காற்றாலை இரண்டு வைத்தார்கள். அந்த இடத்துக் காற்று வித்தியாசமானது: கண்டத்தின் நடு மேட்டில் குளிர்ந்து கனத்துப்போன காற்று, சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கி வந்து கடலோரத்தில் வெளுத்து வாங்கும். அதனால் பகல் இரவு பார்க்காமல் காற்று கிடைக்கும். நல்ல காற்று நாட்களில் நிலையத்தின் லோடில் பெரும்பங்கை அவையே எடுத்துக்கொண்டன, மிஞ்சியது தண்ணீர் சூடாக்கப் போயிற்று. நன்றாகத்தான் ஓடின. 2017 நவம்பரில் ஒன்றின் தலைப்பாகம் இறக்கையோடு கழன்று கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் காரணம் தெரிகிறவரை மற்றொன்றையும் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கயத்தாறில் இப்படி ஆனால் கிரேனும் ஆளும் மறுநாளே வந்துவிடும், அங்கே அடுத்த கப்பலில் என்ன வரும் என்று பட்டியல் போட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் 'எது தடுக்கிறது'க்குப் பாதி பதில் இது.

மீதிப் பாதி உங்களுக்கு சுவாரசியமாக இருக்கும். ராஸ் தீவில் அமெரிக்காவின் மெக்மர்டோவும் நியூசிலாந்தின் ஸ்காட் பேஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக, நடுவில் இருக்கிற கிரேட்டர் ஹில் என்ற குன்றில் 330 கிலோவாட் காற்றாலைகள் மூன்றை நியூசிலாந்துக்காரர்கள் 2009-10 வாக்கில் நிறுவினார்கள். சரி, ஒயரை இழுத்து இரண்டு நிலையத்தையும் சேர்த்துவிடலாம் என்றால், ஒரு பக்கம் கரண்ட் நொடிக்கு 60 சைக்கிள் அலைகிறது, இன்னொரு பக்கம் 50 சைக்கிள்! நடுவில் அலைவெண் மாற்றி வைத்துத்தான் சேர்த்தார்கள். அதோடு காற்று திடீரென்று ஏறி இறங்கும்போது அந்த ஆட்டத்தைச் சமாளிக்க ஒரு பெரிய சுழல் சக்கரத்தையும் வைத்தார்கள். சின்ன கிரிட்டில் இதுதான் தலைவலி. நம் மாநில கிரிட் ஆயிரக்கணக்கான மெகாவாட், ஒரு காற்றாலை நின்றால் யாருக்கும் தெரியாது. அங்கே மொத்த லோடே சில நூறு கிலோவாட்டாக இருக்கும்போது காற்று அடங்கிய அந்த நொடியில் டீசல் செட் தோள் கொடுக்காவிட்டால் எல்லாம் டிரிப். அதற்காக டீசலை சும்மா குறைந்த லோடில் ஓட்டி வைத்திருந்தால் எரியாத எண்ணெயும் கரியும் சைலன்சரில் படிந்து இன்ஜின் கெட்டுப்போகும், நீங்கள் அறியாததல்ல.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: தென்துருவப் புள்ளியில் காற்று அப்படியொன்றும் பலமில்லை. காற்று அங்கிருந்துதான் கிளம்பவே செய்கிறது, வேகமெடுப்பதெல்லாம் சரிவிறங்கிக் கடலோரம் வரும்போதுதான்.

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன், தினமும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வாசலைத் தாண்டித்தான் பஸ் போகிறது. கோடையில் அங்கே 24 மணி நேரமும் சூரியன் இருக்குமாமே. அந்த ஆறு மாதம் சோலாரில் எடுத்து பேட்டரியில் சேமித்து, இருட்டு ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ள முடியாதா?
— மாணவர், காரைக்குடி

ஆறு மாதப் பகல், ஆறு மாத இரவு என்பது துருவப் புள்ளிக்குத்தான். மைத்ரி, பாரதி இருக்கிற இடத்தில் சூரியனே எழாத நாட்கள் சுமார் இரண்டு மாதம்.

சோலார் பேனலுக்குக் குளிர் நல்லதுதான். சித்திரை வெயிலில் நம் மொட்டை மாடிப் பேனல் சூடேறி உற்பத்தி குறையும், அங்கே அது கிடையாது, பனித்தரை வேறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆனால் சூரியன் தலைக்கு மேல் வரவே வராது, அடிவானத்தை ஒட்டியே சுற்றும். அதனால் பேனலைக் கூரையில் படுக்க வைப்பதில் பிரயோஜனமில்லை. ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தில் 2019-ல் 105 பேனல்களை ஒரு கிடங்கின் வடக்குச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது போல செங்குத்தாக மாட்டினார்கள் (அங்கே சூரியன் வடக்கே தெரியும்). மொத்தம் 30 கிலோவாட். அந்த நிலையத்துத் தேவையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. செங்குத்தாக இருந்தால் பனியும் மேலே தங்காது.

இதில் எல்லாரையும்விட முன்னால் போனது பெல்ஜியம். 2009-ல் திறந்த பிரின்சஸ் எலிசபெத் நிலையம் ஒன்பது காற்றாலை, சோலார் பேனல், பேட்டரி மூன்றையும் நம்பியே கட்டப்பட்டது. லோடை அங்கே கம்ப்யூட்டர்தான் பார்த்துப் பார்த்துப் பங்கிடுகிறது: மின்சாரம் கம்மியாக இருக்கும்போது முக்கியமான வேலைக்கு முதலில், துணி துவைக்கிற மெஷினுக்குக் கடைசியில். ஆனால் அது முக்கியமாகக் கோடைக்கால நிலையம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுக்க ஆட்கள் தங்குகிற நிலையத்தின் கதையே வேறு.

பேட்டரிக்கு வருகிறேன். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் அறுபதுக்குக் கீழே போனால்தான் உறையும், ஆனால் சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீராகிக்கொண்டே வரும், காலியான பேட்டரி மைனஸ் பத்துக்கு முன்பே உறைந்து வெடித்துவிடக் கூடும். லித்தியம் பேட்டரியின் வம்பு வேறு: பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே புகாமல் தகட்டின் மேல் உலோகமாகப் படிந்துவிடும், பேட்டரி பாழ். இரண்டுக்கும் கதகதப்பான அறை கொடுத்துவிடலாம், அது தீர்க்கக்கூடிய பிரச்சினை. தீராதது அளவு. பேட்டரி இன்றைய மிச்சத்தை நாளைக்குத் தரும், நாலைந்து நாள் ஓட்டும். இரண்டு மாத லோடை பேட்டரியில் வைக்க வேண்டுமென்றால் நிலையத்தைவிட பேட்டரிக் கொட்டகை பெரிதாக இருக்கும், அத்தனையையும் கப்பலில் ஏற்ற வேண்டும். கோடையில் மிஞ்சுகிற கரண்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் திரும்பக் கரண்டாக்குவது என்ற யோசனை அதனால்தான் பேசப்படுகிறது. இந்த மின்வேதியியல் முழுக்க நீங்கள் தாண்டிப் போகிற அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. 1948-ல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த நிறுவனம், பஸ்ஸில் இருந்தே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிக்ரியின் தாய் நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளை ஒட்டி, செப்டம்பரில் மாணவர்களை உள்ளே விடுகிறபோது போய், லித்தியம் ஏன் குளிரில் சார்ஜ் ஏறுவதில்லை என்று அவர்களிடமே கேளுங்கள், நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வயரிங் வேலை பார்க்கிறேன். புது வீட்டுக்கு எர்த் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு தண்ணீர் ஊற்றியும், நம் செம்மண்ணில் கோடையில் எர்த் சரியாக நிற்பதில்லை. ஐஸ் மேல் கட்டடம் கட்டினால் எர்த்தை எங்கே அடிப்பது?
— வாசகர், ஆத்தங்குடி

இந்த இதழுக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. பதில்: அடிக்கவே முடியாது. சுத்தமான ஐஸ் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். தென்துருவத்தில் மண்ணைத் தொட வேண்டுமானால் கிட்டத்தட்ட 2,700 மீட்டர் ஐஸைத் துளைக்க வேண்டும், எவ்வளவு உப்பு கொட்டுவீர்கள்?

ஆனால் எர்த்தின் வேலை என்ன என்று யோசித்தால் வழி கிடைக்கும். மோட்டார் பாடியில் ஃபேஸ் பட்டால் அந்தக் கரண்ட் எப்படியாவது ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் திரும்பிப் போக வேண்டும், அப்போதுதான் பிரேக்கர் விழும். மண் வழியாகப் போக முடியாது என்பதால், கட்டடத்தின் இரும்புச் சட்டம், குழாய், டேங்க், பேனல், எல்லாவற்றையும் கனமான செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி, அதை நியூட்ரல் புள்ளியோடு இணைத்துவிடுகிறார்கள். எல்லா உலோகமும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும், நீங்கள் எதைத் தொட்டுக்கொண்டு எதைப் பிடித்தாலும் ஷாக் அடிக்காது. பறவை கம்பியில் உட்காருவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஷாக் அடிப்பது வேறொன்று. காற்றில் ஈரப்பதமே கிடையாது, பனித்துகள் வேறு காற்றோடு உரசிக்கொண்டே இருக்கும், அதனால் கதவுப் பிடியைத் தொட்டாலே சுளீர் என்று நிலைமின்சாரம் அடிக்கும். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் வெற்று உலோகத்தைத் தொட்டுக் கையில் இருப்பதை இறக்கிவிடுவது அங்கே பழக்கம். எண்ணெய் மாற்றும்போது ஹோஸையும் டேங்கையும் முதலில் கம்பி போட்டு இணைத்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பார்கள். ஒரு பொறி போதும்.

அணுசக்தி வைத்தால் எண்ணெய் சுமக்கிற வேலையே இல்லையே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். சரியா?
— வாசகர், கோட்டையூர்

வைத்துப் பார்த்தாயிற்று என்று அவரிடம் சொல்லுங்கள். 1962-ல் மெக்மர்டோவில் அமெரிக்கக் கடற்படை பிஎம்-3ஏ என்ற சின்ன அணு உலையை ஓட்ட ஆரம்பித்தது. சுமார் 1.8 மெகாவாட். கடல்நீரைக் குடிநீராக்கவும் உதவியது. காகிதத்தில் பார்த்தால் பிரமாதம். நடைமுறையில் அடிக்கடி பழுதாகி நின்றது, ஓட்டுவதற்கு ஒரு படையே வேண்டியிருந்தது, கசிவும் கண்டார்கள். 1972-ல் மூடினார்கள். அதோடு முடிந்ததா? கதிரியக்கக் கழிவை அண்டார்டிகாவில் போடக் கூடாது என்று 1959 அண்டார்டிகா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, ஆகவே உலையைப் பிரித்து, அதன் அடியில் இருந்த மண்ணையும் கல்லையும் ஆயிரக்கணக்கான டன் தோண்டி, கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டு போனார்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்து முடிக்க 1979 ஆனது. எண்ணெய் சுமக்காமல் மண் சுமந்தார்கள். வடக்கே கிரீன்லாந்தில், ஐஸுக்குள் குடைந்த கேம்ப் செஞ்சுரி முகாமிலும் 1960 முதல் 1963 வரை ஒன்று ஓடியது, அதையும் கழற்றிவிட்டார்கள்.

வடதுருவத்தில் நமக்கு நிலையம் இல்லையா?
— வாசகர், கொத்தமங்கலம்

இருக்கிறது, ஹிமாத்ரி. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டில் நி-ஓலசுண்ட் என்ற சின்ன கிராமத்தில், 2008-லிருந்து. அங்கே நாம் செட் வைத்து ஓட்டத் தேவையில்லை, கிராமத்துக்குப் பொதுவான டீசல் பவர்ஹவுஸ் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிராமமே நிலக்கரிச் சுரங்கத்துக்காக உண்டானது, 1962 விபத்துக்குப் பிறகு சுரங்கத்தை மூடினார்கள். பக்கத்துப் பெரிய ஊரான லாங்யர்பீன் மட்டும் 2023 அக்டோபர் வரை நிலக்கரியில் கரண்ட் எடுத்தது, இப்போது அதுவும் டீசல்.

தலைப்பாகவே போடுங்கள்: அண்டார்டிகாவில் கரண்ட் போனால் யாருக்கு போன் போடுவது?
— வாசகர், நாச்சியாபுரம்

போட்டுவிட்டேன். யாருக்கும் போட முடியாது என்பதுதான் பதில்.

ரஷ்யாக்காரர்களின் வாஸ்டாக் நிலையம் கண்டத்தின் நடுவில், கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1983 ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது அங்கேதான். அதற்கு முந்தைய வருஷம், 1982 ஏப்ரல் 12 அன்று, ஜெனரேட்டர் கட்டடம் தீப்பிடித்தது. குளிர்காலம் தொடங்கிவிட்ட நேரம், விமானம் இனி வசந்தத்தில்தான். ஒரு மெக்கானிக் இறந்துபோனார். ஓடுகிற செட்டும் மாற்று செட்டும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் எல்லாமே போயிற்று. மீதி இருபது பேர். முதலில் சூடு போனது, அப்புறம் ரேடியோ. ஐஸ் துளைக்கிற இடத்தில் கிடந்த பழைய செட் ஒன்றைத் தட்டித் தடவி எழுப்பினார்கள். சிலிண்டர்களை வெட்டி அடுப்பாக்கி, அதில் டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்தார்கள். புகைக்கரி முகமெல்லாம் படிய, எல்லோரும் ஒரே குடிலில் நெருக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் தாக்குப் பிடித்தார்கள். இருபது பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தக் குளிர்காலத்திலும் ஆய்வு வேலையை முழுக்க விட்டுவிடவில்லை என்று படிக்கும்போது, நமக்கு இரண்டு மணி நேரம் ஃபேன் நின்றால் வருகிற கோபத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டன்ட் ஃபெராஸ் நிலையத்திலும் ஜெனரேட்டர் அறையில் கிளம்பிய தீதான், இரண்டு பேர் இறந்தார்கள், நிலையத்தின் பெரும்பகுதி சாம்பல். புதுசு கட்டித் திறக்க 2020 ஆயிற்று. சுற்றிலும் பனியாக இருக்கிற இடத்தில் தீ எப்படி என்று தோன்றும். காற்று காய்ந்த காற்று, பலமாக அடிக்கும், மரமும் மெத்தையும் எண்ணெயும் சருகாகக் காய்ந்து கிடக்கும், அணைக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அது கட்டியாக இருக்கிறது.

2014 ஜூலை 30 அன்று பிரிட்டனின் ஹேலி நிலையத்தில் தீயில்லை, ஆனால் கரண்டும் சூடும் 19 மணி நேரம் நின்றுபோயின. உள்ளே பதின்மூன்று பேர், வெளியே மைனஸ் ஐம்பதையும் தாண்டிய குளிர். ஓரளவு சரிசெய்த பிறகும் வானிலைப் பதிவு தவிர மற்ற ஆய்வுகளை நிறுத்திவிட்டு, ஒரு பகுதியில் மட்டும் ஒண்டிக்கொண்டார்கள். இப்போது ஹேலியில் குளிர்காலத்தில் ஆளே தங்குவதில்லை. அடியில் இருக்கிற ஐஸ் தட்டில் விரிசல் என்பதால் 2017-லிருந்து எல்லோரையும் அழைத்துக்கொள்கிறார்கள். 2019 முதல், ஒரு சின்ன டர்பைன் தன்னந்தனியாக ஓடிக் கருவிகளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: மாற்று செட்டை முதல் செட்டின் பக்கத்தில் வைக்காதே. தனிக் கட்டடம், தனி எண்ணெய் டேங்க், நடுவில் தீ தாண்ட முடியாத தூரம். தென்துருவ நிலையத்தில் ஒரு பகுதி, மற்றதெல்லாம் போனாலும் தானே பிழைத்துக்கொள்கிற மாதிரி சொந்த அவசர ஜெனரேட்டரோடு இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகள், கல்யாண மண்டபங்களில் இரண்டு செட்டையும் ஒரே கொட்டகையில் தோளோடு தோள் உரச வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், இதைப் படிக்கிறவர்கள் யாராவது நகர்த்தி வைத்தால் சந்தோஷம்.

என் பேரன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு கோவாவில் ஏதோ ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறான், அண்டார்டிகாவுக்குக் கூட்டிப் போவார்களாம். இருட்டிலும் குளிரிலும் பிள்ளை எப்படி இருப்பான்? அனுப்பலாமா? இங்கே இவ்வளவு பெரிய வீட்டில் நானும் சமையல்காரம்மாவும்தான்.
— வாசகி, கானாடுகாத்தான்

ஆச்சி, அது தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம், மத்திய அரசு நிறுவனம், பயப்பட வேண்டாம். விஞ்ஞானிகளோடு எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் மெக்கானிக், வெல்டர், சமையல்காரர் எல்லோரையும் ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். எழுதிப் போட்டவுடன் அனுப்பிவிட மாட்டார்கள், மருத்துவப் பரிசோதனை கறாராக இருக்கும், இமயமலையில் ஆலி என்ற இடத்தில் பனிப் பயிற்சியும் உண்டு. அதெல்லாம் தாண்டினால்தான்.

இருட்டு வெளியேதான், உள்ளே விளக்கு எரியும், எரிய வைப்பதே உங்கள் பேரன்தான். குளிரும் அப்படியே. நிலையத்துக்குள் சாதாரண சட்டையோடு நடமாடலாம், அதிலும் அவன் வேலை பார்க்கப் போகிற செட் அறைதான் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே சூடான இடம். எண்ணெய் ஒழுகுகிறதா பார்ப்பது, ஃபில்டர் மாற்றுவது, புகைபோக்கியில் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்வது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் சத்தம் சரியாக இருக்கிறதா என்று காது கொடுப்பது, இதுதான் அவன் வேலை. சாட்டிலைட் வழியாகப் பேசலாம், வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசச் சொல்லி இப்போதே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பலாமா என்பதை நான் எப்படிச் சொல்வது, ஆனால் இந்த வீட்டைக் கட்டியவர்களே கப்பலேறி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள்தானே ஆச்சி.

சீப்புச் சீடையும் மனகோலமும் கொடுத்தனுப்பலாம், காற்று புகாத டின்னில் போட்டு, என்னென்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. விதை, செடி, மண் ஒட்டிய எதுவும் அந்தக் கண்டத்துக்குள் போகக் கூடாது என்று சட்டம், அதனால் வழிக்குத் துணையாக வேப்பிலைக் கொத்தும் கோயில் மண்ணும் மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், கேப் டவுனிலேயே எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.